மொரட்டோரியத்தின் மேல் நான் போட்ட பழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் வாசகர் பக்கத்தில், கொரோனா கால மொரட்டோரியத்தில் வீட்டுக் கடன் தவணையை ஒத்திவைத்தவர்களின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது என்றும், அவர்களுக்கு இனி எந்த வங்கியும் கடன் தராது என்றும் ஓர் அன்பர் எழுதியிருந்தார். படித்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அந்தக் கதையை பினாங்குத் தீவில் ஊர் ஊராகச் சுமந்து சென்று விற்றவர்களில் நானும் ஒருவன். நான்கு ஆண்டுகள் விற்றிருக்கிறேன். அது சரக்கே இல்லை என்று இந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு வயது 53. சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். சுவெட்டன்ஹாம் பியரில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களையும், சென்னையிலிருந்து வரும் குடும்பங்களையும், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு கொடிமலை, கெக் லோக் சி, பத்து ஃபிரிங்கி என்று சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. மனைவி பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். 2011-ல் சுங்கை டுவா பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினோம். கடன் 266,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), 28 ஆண்டுகள், மாதத் தவணை 1,357 வெள்ளி. எனக்கு 67 வயதாகும்போது கடன் முடியும் என்று அன்று கணக்குப் போட்டேன். 2020 வரை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த வாரத்தில் என் கைப்பேசியில் வந்த அழைப்புகள் எல்லாமே பதிவை ரத்துச் செய்யும் அழைப்புகள். வேனைக் கீழே நிறுத்திவிட்டுப் படியேறி வந்தவன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதை ஒழுங்காக எடுக்கவே இல்லை. ஆணை வந்து ஒரு வாரத்தில், ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு வங்கிக் கடன் தவணைகள் ஒத்திவைக்கப்படும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்தது. விண்ணப்பம் எதுவும் வேண்டாம். 90 நாளுக்கு மேல் பாக்கி இல்லாத வெள்ளிக் கடன் என்றால் தானாகவே ஒத்திவைப்பு. 'இப்போது கட்ட வேண்டாம்' என்று வங்கி தானாக வந்து சொன்னதை என் ஆயுளில் அன்றுதான் கேட்டேன். கடன் அட்டைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதைக் கவனிக்காமல் அட்டைக் கடனையும் கட்டாமல் விட்டு மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் வேன் நிறுத்தத்திலேயே இரண்டு பேர். கார்க் கடனுக்கும் 1967 வாடகைக் கொள்முதல் சட்டம் குறுக்கே நின்றதால் பிறகு தனியாகச் சம்மதம் கொடுக்க வேண்டியிருந்தது. மனைவியின் மைவி காருக்கு அப்படித்தான் செய்தோம்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வீட்டுக் கடனுக்கு ஒரு சென்கூடக் கட்டவில்லை. மனைவியின் சம்பளமும், ஊழியர் சேமநிதியிலிருந்து ஐ-லெஸ்தாரி என்ற திட்டத்தில் அவர் எடுத்த 500 வெள்ளியும் அரிசிக்கும் மின்சாரத்துக்கும் மகளின் படிப்புக்கும் போனது. மூச்சு விட முடிந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நான் கோட்டை விட்டது அக்டோபரில். பொதுவான ஒத்திவைப்பு செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு வேலை இழந்தவர்களும் வருமானம் குறைந்தவர்களும் தனித்தனியாகக் கேட்டால்தான் உதவி. நானும் வங்கியின் இணையப் பக்கத்தில் விண்ணப்பம் செய்தேன். அன்றிரவே குறுஞ்செய்தி வந்தது. மனைவியிடம் காட்டி, 'கிடைத்துவிட்டது' என்றேன். அந்தச் செய்தியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. விண்ணப்பம் பெறப்பட்டது என்றுதான் அதில் இருந்தது, ஏற்கப்பட்டது என்று இல்லை. வேன் ஓட்டுகிறவனுக்குச் சம்பளச் சீட்டு ஏது? வருமானம் குறைந்ததற்கு வங்கிக் கணக்கு அறிக்கையைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். நான் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிற ஆள் இல்லை. விண்ணப்பம் அப்படியே காலாவதியானது. அக்டோபர் கட்டவில்லை, நவம்பரும் கட்டவில்லை. டிசம்பர் முதல் வாரம் வங்கியிலிருந்து ஒரு பெண் அழைத்து, 'அங்கிள், இரண்டு மாதம் பாக்கி' என்று சொன்னபோது நான் அவரோடு சண்டைதான் போட்டேன். அந்த மாதக் கடைசிக்குள் மனைவியின் போனஸையும் மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றையும் சேர்த்து மூன்று தவணைகளை, 4,071 வெள்ளியை, ஒரே தடவையாகக் கட்டினேன். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

2021 ஏப்ரலில் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. சுற்றுலா நிறுவனங்கள் வேன்களை வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்த காலம். என் வேனுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. பட்டர்வொர்த்தில் நான்கு ஆண்டே ஓடிய வேன் ஒன்று பாதி விலைக்கு வந்தது. எல்லை திறக்கும் வரை பொருள் விநியோகத்துக்கு ஓட்டலாம், பிறகு சுற்றுலாவுக்கு ஆகும் என்று திட்டம் போட்டு, வேறொரு வங்கியில் கடன் கேட்டேன். ஒரு வாரத்தில் மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு முகப்பில் இருந்த இளைஞர், 'சிசிரிஸ் பதிவு சரியில்லை அண்ணே' என்றார். நம் கடன்களையும் கட்டிய விதத்தையும் வங்கிகளுக்குக் காட்டும் பதிவு அது. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வங்கிப் படியிலிருந்து இறங்கும்போதே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்: ஆறு மாதம் கட்டாதே என்று சொல்லிவிட்டு, அதையே காரணம் காட்டிக் கழுத்தை அறுக்கிறார்கள்.

அன்று மாலை வேன் நிறுத்தத்தில் சொன்னேன். பிறகு கோவிலில், கல்யாண வீட்டில், தே தாரிக் கடையில் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். பட்டவன் சொல்லும்போது யார்தான் நம்பமாட்டார்கள்?

என் மகளுக்கு அப்போது வயது 19. என் கூச்சலைக் கேட்டுவிட்டு அவள், அந்தப் பதிவை நாமே பார்க்க உதவும் ஈசிசிரிஸ் இணையத்தில் என் பெயரைப் பதிவு செய்து, அறிக்கையை அச்செடுத்து, 'அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்கள்' என்று மேசைமேல் வைத்தாள். நான் பார்க்கவில்லை. வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் அதைச் செருகிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

நான் பரப்பிய கதை முதலில் என் வீட்டுக்குள்தான் நுழைந்தது. 2021 ஜூலையில் அரசின் பெமுலே உதவித் திட்டத்தின் கீழ் மறுபடியும் ஆறு மாத ஒத்திவைப்பு வந்தது. இந்த முறை தானாக வராது, நாம் கேட்க வேண்டும், ஆனால் கேட்டால் மறுக்கமாட்டார்கள். வட்டிக்கு வட்டி கிடையாது என்றும் சொன்னார்கள். ஊரடங்கு இறுகியிருந்த நேரம், என் வருமானம் சுழியம். மனைவி கேட்கலாம் என்றார். 'ஒரு தடவை பட்டது போதாதா?' என்று அவர் வாயை அடைத்துவிட்டு அவருடைய இரண்டு வளையல்களை அடகுக் கடைக்குக் கொண்டுபோனேன். 5,000 வெள்ளி கிடைத்தது, மாதம் 2 சதவீத வட்டி. வீட்டுக் கடனுக்கு ஆண்டு முழுவதற்கும் சதவீதம் நான்கு சொச்சம்தான். அதைத் தவிர்ப்பதற்காக ஆண்டுக்கு 24 சதவீதத்துக்கு நகையை வைத்த மேதை நான். ஆறு மாதத்தில் 600 வெள்ளி வட்டி கட்டி வளையல்களை மீட்டோம். மனைவி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலாம்.

2022 ஏப்ரல் முதல் தேதி எல்லை திறந்தது. ஆகஸ்டில் மறுபடியும் வேன் கடன் கேட்டேன், கிடைத்தது. இந்த வங்கிக்காரர்கள் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஊரில் பரப்பிய கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த ஆண்டு என் அக்காள் மகனால்தான் எல்லாம் வெளியே வந்தது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு தரை வீடு வாங்கி மூன்று ஆண்டுகளாகக் கடன் கட்டிவருகிறான். மாதம் 1,795 வெள்ளி. தொழிற்சாலையில் மிகைநேர வேலையை நிறுத்திவிட்டார்கள், கையில் வருவது ஆயிரம் வெள்ளிக்கு மேல் குறைந்துவிட்டது. இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை, வங்கி அழைப்புகளை எடுப்பதும் இல்லை என்று அக்காள் அழுதுகொண்டே சொன்னார். நான் போய், 'வங்கியில் நேராகப் பேசித் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதுதானே?' என்று அதட்டினேன். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. 'கேட்டால் பேர் கெட்டுப்போகும், பிறகு எங்கேயும் கடன் கிடைக்காது என்று நீங்கள்தானே மாமா சொன்னீர்கள்?' என்றான்.

கேட்டால் பேர் கெடும் என்று நான் சொன்னதை நம்பி, கேட்காமலும் கட்டாமலும் இருந்திருக்கிறான்.

அன்றிரவு கோப்பைத் திறந்து, 2021 ஏப்ரலில் மகள் அச்செடுத்த அந்தத் தாளை எடுத்தேன். மடிப்பில் மை மங்கியிருந்தது. என் வீட்டுக் கடனுக்கு ஒரு வரி. அதில் பன்னிரண்டு சிறிய கட்டங்கள், கட்டங்களின் மேல் மாதங்களின் முதலெழுத்துகள். எத்தனை மாதத் தவணை பாக்கி என்பதுதான் கட்டத்துக்குள் இருக்கும் எண். பாக்கி இல்லை என்றால் 0. ஏப்ரலைத் தேடி விரலை வைத்தேன்: 0. மே 0. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் எல்லாமே 0. நான் ஒரு சென் கட்டாத ஆறு மாதத்துக்கும் ஆறு சுழியங்கள். அக்டோபரில் 1. நவம்பரில் 2. டிசம்பரிலிருந்து மறுபடியும் 0. என் பெயரைக் கெடுத்தது மொரட்டோரியம் இல்லை, மொரட்டோரியம் முடிந்த பிறகு நான் தூங்கிய இரண்டு மாதங்கள். அதை மகள் பென்சிலால் வட்டம்கூடப் போட்டு வைத்திருந்தாள்.

இனி, தெரிந்துகொண்டதை அந்த அன்பருக்காகச் சொல்கிறேன். கறுப்புப் பட்டியல் என்று ஒன்று சிசிரிஸில் இல்லை. அது பேங்க் நெகாராவின் கடன் பதிவு, 2001-லிருந்து நடக்கிறது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. என்ன கடன் இருக்கிறது, எவ்வளவு மீதி, கடந்த 12 மாதத்தில் எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு மாதம் தாண்டிய கட்டம் விளிம்பிலிருந்து விழுந்துவிடும். 2022-ல் எனக்கு வேன் கடன் கிடைத்ததற்கு வங்கிக்காரரின் நல்ல மனம் காரணமில்லை. அந்த 1-ம் 2-ம் அதற்குள் விழுந்துவிட்டன, கப்பல்களும் திரும்ப வந்துவிட்டன. ஓர் இடத்தில் கடன் மறுக்கப்பட்டால் அந்த மறுப்பும் பதிவாகி அடுத்த வங்கிக்குத் தெரிந்துவிடும் என்று நான் பயந்திருந்தேன், அதுவும் தவறு. பரிசீலனையில் இருக்கும் விண்ணப்பமும் ஒப்புதல் பெற்றதும் தெரியும், மறுக்கப்பட்டது தெரியாது. சிடோஸ் என்பது வேறு. அது தனியார் நிறுவனம். நீதிமன்ற வழக்கு, திவால் போன்றவற்றையும் சேர்த்து 300-லிருந்து 850 வரை மதிப்பெண் போடும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதில் நானும் மன்னன்தான்.

நம்மவர்கள் மூன்று வெவ்வேறு காரியங்களுக்கு மொரட்டோரியம் என்ற ஒரே பெயரை வைத்துவிட்டோம். அரசும் பேங்க் நெகாராவும் அறிவித்து எல்லோருக்கும் கொடுத்தது ஒன்று. அது பதிவில் கறையாக விழவில்லை. நாமே வங்கியில் போய், 'முடியவில்லை, தவணையை மாற்றிக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் மறுசீரமைப்பு இன்னொன்று. இன்றைக்கு இருப்பது இதுதான், இது பொதுவாகப் பதிவில் குறியாக இருக்கும். யாரையும் கேட்காமல், அழைப்பையும் எடுக்காமல் சும்மா இருந்துவிடுவது மூன்றாவது. 1, 2, 3 என்று எண் ஏறுவது இதற்குத்தான். எண் 3-ஐத் தொட்டால் வாராக் கடன் கணக்கு, அதற்குப் பிறகு வழக்கறிஞர் கடிதம், கடைசியில் லெலோங், அதாவது வீடு ஏலம். முதலாவதைப் பற்றி நான் சொன்ன கதையை நம்பி, என் அக்காள் மகன் இரண்டாவதற்குப் பயந்து மூன்றாவதைச் செய்துகொண்டிருந்தான்.

ஆனால் ஒத்திவைப்பால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று எழுதினால் நான் இன்னொரு பொய்க்கதை விற்றதாகிவிடும். கறை விழாவிட்டாலும் கடன் மீதி கூடும், அந்த மீதி பதிவில் தெரியும். புதுக் கடன் கொடுக்கிற வங்கி, மாதம் கையில் வருவதில் எத்தனை பங்கு கடனுக்குப் போகிறது என்று வகுத்துப் பார்க்கும். நம் மீதி கூடி, தவணையும் கூடினால் அந்தப் பங்கு கூடும். மேலும் 2021-ல் எனக்குக் கடன் மறுக்கப்பட்டதற்கு அந்த 1-ம் 2-ம் மட்டும்தான் காரணம் என்றும் நான் இப்போது நம்பவில்லை. ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை கேட்டார்கள், என் அறிக்கையில் வரவு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வீட்டுத் தவணையே கட்ட முடியாதவன் வேன் தவணையை எதிலிருந்து கட்டுவான் என்று எந்த அதிகாரியும் கேட்பார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் கேட்பேன்.

கணக்கையும் சொல்கிறேன். இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை, 555 என்ற சின்னக் குறிப்பு நோட்டில் நானும் மகளும் உட்கார்ந்து போட்டோம். 2020 ஏப்ரலில் என் கடன் மீதி 212,000 வெள்ளி, 19 ஆண்டுகள் பாக்கி. இடையில் வட்டி விகிதம் இறங்கியது, பிறகு ஏறியது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஆண்டுக்கு 4.25 சதவீதம் என்றே வைத்துக்கொண்டோம். மாத வட்டி ஏறக்குறைய 751 வெள்ளி. ஆறு மாதம் கட்டாமல் விட்டதில் மீதி 216,545 ஆகிறது. ஏறியது 4,545. இதில் வட்டிக்கு வட்டி என்று நாம் கூச்சல் போட்ட தொகை எவ்வளவு தெரியுமா? நாற்பது வெள்ளி. இரண்டு பேர் வாழையிலைச் சாப்பாடு.

பணம் போனது வேறு வழியில். ஒத்திவைப்பு முடிந்ததும் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. தவணையைக் கொஞ்சம் கூட்டிப் பழைய தேதியிலேயே முடிக்கிறீர்களா, அல்லது தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தை நீட்டுகிறீர்களா? நான் யோசிக்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதே 1,357 தானே, அதே தொகைதானே என்று. முதல் வழியில் தவணை 1,410 ஆகியிருக்கும், மாதம் 53 வெள்ளி கூடுதல், கட்டாமல் விட்ட ஆறு தவணையைக் கழித்துப் பார்த்தால், கடன் முடியும் வரை மொத்தத்தில் கூடுதலாகப் போவது சுமார் 3,700 வெள்ளி. நான் எடுத்த வழியில், ஆறு மாதம் கட்டாமல் விட்டதற்குக் கடைசியில் பதின்மூன்று மாதத்துக்கும் மேல் கூடக் கட்ட வேண்டும். அதே மாதிரி கழித்துப் பார்த்தால் மொத்தக் கூடுதல் சுமார் 10,300 வெள்ளி. மாதம் 53 வெள்ளியைக் கண்டு பயந்து 6,600 வெள்ளியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தில் இந்த இரண்டு மொத்தத் தொகைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரியானதை எடுத்திருக்கும். இப்போது மாதம் 60 வெள்ளி கூடுதலாகக் கட்டி, அதை அசலில் கழிக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய தேதியை எட்டிப் பிடிக்க முடியாது, ஓரளவு நெருங்கலாம்.

அக்காள் மகனை முதலில் ஜார்ஜ்டவுனில் உள்ள ஏகேபிகே அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். பேங்க் நெகாரா 2006-ல் ஏற்படுத்திய கடன் ஆலோசனை அமைப்பு அது, ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை. அங்கே இருந்த அம்மையார் அவனுடைய சம்பளச் சீட்டையும் செலவுகளையும் வரி வரியாக எழுதச் சொன்னார். கைப்பேசித் தவணை, பிள்ளையின் பால்மாவு, அக்காளுக்கு மாதாமாதம் கொடுக்கும் 200 வெள்ளி, எல்லாம். எழுதி முடித்ததும் அவர், 'தம்பி, நீங்கள் வங்கியிடம் கேட்பது கட்டாமல் இருக்க அனுமதி இல்லை. எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள்' என்றார். இந்த ஒரு வாக்கியம் அவன் முதுகை நிமிர்த்தியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த அமைப்பின் கடன் நிர்வாகத் திட்டத்திலேயே சேரலாம், ஆனால் அது பதிவில் தெரியும், அவனுக்கு இருப்பதோ ஒரே ஒரு பெரிய கடன், எனவே முதலில் வங்கியிடம் நேராகப் பேசிப் பார்க்கலாம் என்றும் அவரே சொன்னார்.

வங்கியில், ஆறு மாதத்துக்கு வட்டியை மட்டும் கட்டிவர ஒப்புக்கொண்டார்கள். அவன் கடனுக்கு அது மாதம் 1,300 சொச்சம். அசல் குறையாது, கூடவும் செய்யாது. பாக்கி இரண்டு மாதத்தையும் பிரித்துக் கட்டச் சொன்னார்கள். 'இது பதிவில் தெரியுமா?' என்று நான் கேட்டேன். அந்த அதிகாரி மழுப்பாமல், 'தெரியும்' என்றார். 'கார் வாங்கும் எண்ணம் இருந்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள்' என்றும் சொன்னார். அக்காள் மகன் என் முகத்தைப் பார்த்தான். கேட்டு வாங்கிய குறியைப் பார்க்கும் அடுத்த வங்கிக்காரர், இவனுக்கு ஒரு கஷ்டம் வந்தது, வந்து பேசினான், சொன்னபடி கட்டினான் என்று படிக்கலாம். 3 என்ற எண்ணை அப்படிப் படிக்க வழியே இல்லை. எனக்குத் தோன்றியது இது. அவனும் கையெழுத்துப் போட்டான். சாவி திருகினால் இருமுகிற பழைய மோட்டார் சைக்கிளில்தான் இன்னும் வேலைக்குப் போகிறான்.

வங்கிகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விண்ணப்பம் 'பெறப்பட்டது' என்று அனுப்புகிற செய்தியிலேயே, 'இது ஒப்புதல் அல்ல, தவணையைத் தொடர்ந்து கட்டுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? என்னைப் போன்றவர்களின் ஒரு 1-ஐயும் ஒரு 2-ஐயும் அந்த வரி தடுத்திருக்கும். கடன் மறுக்கும்போது 'பதிவு சரியில்லை' என்று நிறுத்தாமல், எந்த மாதத்தில் என்ன எண் என்று காட்டினால் நாங்களும் ஊருக்குப் போய்க் கதை கட்டமாட்டோம். ஆசிரியர் அவர்களும் தங்கள் நாளிதழில் ஈசிசிரிஸ் அறிக்கையை எப்படி எடுப்பது, எப்படிப் படிப்பது என்று படத்தோடு ஒரு பக்கம் போடலாம். பார்க்கக் கட்டணம் கிடையாது. என் வீட்டில் அந்தத் தாள் நான்கு ஆண்டு படிக்கப்படாமல் கிடந்ததை நினைத்துக் கேட்கிறேன்.

கதையை யார் யாரிடம் சொன்னேன் என்று நினைவுக்கு வந்தவரை அதே 555 நோட்டில் எழுதினேன். பதினேழு பேர். கோவிலில் ஐந்து பேரிடமும் தே தாரிக் கடையில் நான்கு பேரிடமும் தாளைக் காட்டி, நான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் நம்பவில்லை. 'உனக்கு வங்கிக்காரன் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறான்' என்கிறார்கள். முதல் தடவை நம்பியதுபோல் இரண்டாவது தடவை நம்பவில்லை என்றால் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மற்றவர்களைக் கைப்பேசியில் பிடித்தேன்.

நோட்டில் ஒரு பெயர் மட்டும் அடிக்கப்படாமல் இருக்கிறது. என்னோடு இருபது ஆண்டு வேன் ஓட்டியவர். 2021-ல் பெமுலே வந்தபோது, எடுக்கலாமா என்று என்னிடம்தான் கேட்டார். எடுக்காதே என்றேன். வீட்டுத் தவணை கட்டுவதற்காகச் செப்டம்பரில் வேனை விற்றார், வந்த விலைக்கு. இப்போது ஜெலுத்தோங்கில் ஒரு குடியிருப்பில் இரவுக் காவல் பார்க்கிறார். பயணிகளை இறக்கிவிட்டு அந்த வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்புகிறேன். தாள் வேனின் முன்கண்ணாடிக்கு மேல் வெயில் மறைப்பில் செருகியிருக்கிறது. இரண்டு தடவை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் எழுந்து வந்து தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு, 'சவாரி எப்படிப் போகிறது?' என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் தினமும் காவல் கூண்டில் தங்கள் நாளிதழைப் படிக்கிறவர். இந்தக் கடிதத்தைத் தாங்கள் பிரசுரித்தால், வெளியாகும் நாளின் இரவு நான் மறுபடியும் அங்கே போவேன்.

இப்படிக்கு,
சுற்றுலா வேன் ஓட்டுநர் ஒருவர்,
சுங்கை டுவா, பினாங்கு.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)